செம்மண் ஊரில் செயினுக்கு எண்ணெயா, மெழுகா?

கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடிக்கு மெயின் ரோட்டை விட்டு, கண்மாய்க் கரை வண்டிப்பாதை வழியாக ஒரு தடவை சைக்கிளில் வந்து பாருங்கள். வந்ததும் செயினை விரலால் தொடுங்கள். எண்ணெய் போட்ட செயினாக இருந்தால் விரலில் கருஞ்சிவப்பாக ஒரு பசை ஒட்டும். அதை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறக்கும். செயினைத் தின்பது அந்த நறநறப்புதான்.

செட்டிநாட்டு மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு. அதோடு கலந்திருக்கும் பொடி மணல் குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. கெட்டிப்படுத்திய எஃகையும் உரசித் தேய்க்கிற கடினம் அது. இந்தத் தூள் காய்ந்த செயினில் விழுந்தால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். எண்ணெயில் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் மூட்டுக்குள் ஊறும்போது தூளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகும். எண்ணெய் போடப் போட செயின் சீக்கிரம் தேய்வது இதனால்தான்.

"செயின் இழுத்துருச்சு" என்று கடையில் சொல்வோம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. செயினின் கண்ணிகளைக் கோக்கும் சின்ன இரும்புத் தண்டுதான் பின். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். ஒவ்வொரு மூட்டிலும் பின்னும் அதைச் சுற்றியுள்ள உள்பிளேட்டும் உரசி 0.06 மி.மீ. தேய்ந்தால் போதும். தலைமுடித் தடிமன்தான். 114 கண்ணி உள்ள செயின் மொத்தத்தில் 7 மி.மீ. நீண்டுவிடும். அது 0.5 சதவீதம். 11, 12 கியர் வண்டியில் அந்த அளவிலேயே செயினை மாற்ற வேண்டும். 8 முதல் 10 கியர் வரை 0.75 சதவீதம் வரை விடலாம். கியர் இல்லாத சாதா சைக்கிளுக்கு 1 சதவீதம். அதற்கு மேலும் ஓட்டினால் நீண்ட செயின், பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டின் பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். அப்புறம் புதுச் செயின் போட்டாலும் ஏறி மிதிக்கும்போது பல்லைத் தாண்டித் துள்ளும்.

தேய்மானத்தை அளக்கத் தனிக் கருவி கட்டாயமில்லை, ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். செயினை இறுக்கிப் பிடித்து, ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூச்சியத்தை வையுங்கள். அங்கிருந்து இருபதாவது பின், புதுச் செயினில் சரியாக 254 மி.மீ.-இல் நிற்கும். 255.3 என்றால் 0.5 சதவீதம், 256.5 என்றால் 1 சதவீதம். கண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் என்று அலட்சியம் வேண்டாம்.

எண்ணெய்க்கு மாற்று, செயினைக் கழற்றி உருகிய மெழுகில் முக்கி எடுப்பது. யாருக்கு அந்த மெழுகு தேவையில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிள், முழுச் செயின் கவர் போட்ட பழைய ரோட்ஸ்டர் சைக்கிள், இரண்டுக்கும் சுடு மெழுகு வேலை அதிகப்படி. கவருக்குள் புழுதி குறைவு; செயினும் அகலமானது, முரட்டுத்தனமாக உழைக்கும். மாதம் ஒரு முறை புதிய 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலை, பின்னைச் சுற்றி உருளும் ரோலருக்கு ஒரு சொட்டு வீதம் விட்டு, பெடலைப் பின்பக்கமாக இருபது சுற்று சுற்றி, வெளியே தெரியும் எண்ணெயைப் பனியன் துணியால் முழுக்கத் துடைத்தால் போதும். துடைப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வெளியே பளபளக்கும் எண்ணெய் எந்த வேலையும் செய்வதில்லை. புழுதியைப் பிடிக்கிறது, வேட்டி நுனியிலும் சுடிதாரிலும் கறையாகிறது, சைக்கிளை வீட்டு வளவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினால் ஆத்தங்குடி தரைக்கல்லில் சொட்டி ஊறுகிறது.

மெக்கானிக் கடை டப்பாவில் கிடக்கும் வேஸ்ட் ஆயிலை மட்டும் எந்தச் செயினுக்கும் விடாதீர்கள். மோட்டார் சைக்கிள் இன்ஜினுக்குள் ஓடித் தேய்த்த உலோகத் தூள், கரி, எரிந்ததில் உண்டான அமிலம் மூன்றும் அதில் இருக்கின்றன. டபிள்யூ.டி.-40 நீல மஞ்சள் டப்பாவும் செயினுக்கான மசகு அல்ல. ஈரத்தை விரட்டவும் துருப்பிடித்த நட்டை இளக்கவும் அது நல்லது. செயினில் அடித்தால் உள்ளே இருக்கும் எண்ணெயைக் கரைத்துவிட்டுத் தானும் காய்ந்துபோகும். தேங்காய் எண்ணெயும் செயினுக்கு ஆகாது.

கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள், வாரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர்கள், செயின் கவர் இல்லாமல் சரளைப் பாதையில் போகிறவர்கள், கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் விருந்தினருக்குச் சைக்கிள் கொடுக்கும் விடுதிக்காரர்கள், இவர்களுக்கு மெழுகு சரியான பொருள். மெழுகு உள்ளே நின்று மசகாகும், வெளியே காய்ந்து நிற்கும். புழுதி ஒட்டுவதில்லை. செயினைக் கையால் பிடித்தாலும் கறை இல்லை.

ஆனால் மெழுகு வெறும் உலோகத்தில்தான் பிடிக்கும். எண்ணெய்ச் செயினின் மேல் மெழுகு போடுவது எண்ணெய் தடவிய சுவரில் சுண்ணாம்பு அடிப்பதற்குச் சமம். பாதி எண்ணெயும் பாதி மெழுகுமாகக் கலந்த செயின், வெறும் எண்ணெய்ச் செயினைவிட மோசமாக அழுக்குப் பிடிக்கும். "மெழுகு போட்டுப் பார்த்தேன், சரியில்லை" என்று கொண்டுவரும் செயின்களில் பெரும்பாலும் கோளாறு மெழுகில் இருப்பதில்லை, கழுவியதில் இருக்கிறது. புத்தம் புதுச் செயினையும் கழுவ வேண்டும். பெட்டியில் வரும்போது அதில் இருக்கும் பிசுபிசுப்பு கம்பெனி போட்ட கிரீஸ். துருப்பிடிக்காமல் அது காக்கும். மெழுகை ஒட்டவும் விடாது.

கழுவுவது

செயினைக் கழற்றுங்கள். அகன்ற வாய் பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மூழ்கும் அளவுக்கு மினரல் டர்பன்டைன் ஊற்றுங்கள். பெயின்ட் கடையில் எம்.டி.ஓ. என்று கேட்டால் தருவார்கள். மண்ணெண்ணெய் கிடைத்தால் அதுவும் ஆகும். ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, பத்து நிமிடம் ஊறவிட்டு, மறுபடி குலுக்கி வடியுங்கள். புதுச் செயினுக்கு இரண்டு மூன்று தடவை. ஓடிய செயினுக்கு நான்கைந்து தடவைகூட ஆகலாம். ஊற்றியது ஊற்றிய நிறத்திலேயே வெளியே வரும்வரை விடாதீர்கள்.

அதோடு வேலை முடிந்துவிடாது. டர்பன்டைனும் மண்ணெண்ணெயும் தாங்களே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். அதை எடுக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இரண்டு தடவை அலச வேண்டும். கெமிக்கல் கடையில் ஐ.பி.ஏ. என்பார்கள். கடைசி அலசலில் திரவம் தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் தொங்கவிட்டு, வெள்ளைத் துணியால் இழுத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் கோடு விழுந்தால் இன்னொரு அலசல். இந்த நிலையில் செயினை இரண்டு பக்கமும் ஆட்டினால் வறண்ட கிலுகிலு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் எண்ணெய் போய்விட்டது.

இவை எல்லாம் தீப்பிடிக்கும் திரவங்கள். காற்றோட்டமான வெளியிடத்தில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில், கையுறை போட்டுச் செய்யுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி தரையோடு படர்ந்து தூரத்து நெருப்பையும் பிடிக்கும். துருப்போக பாத்ரூம் ஆசிட்டில் செயினை முக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அமிலம் இரும்பைத் தின்னும்போது உண்டாகும் ஹைட்ரஜன் கெட்டிப்படுத்திய எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். வெளிப் பார்வைக்குச் செயின் பளிச்சென்று இருக்கும். மேட்டில் எழுந்து மிதிக்கும்போது பிளேட் விரிசல் விட்டு அறும்.

கழுவிய திரவத்தை முற்றத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். நம் வீடுகளின் முற்றத்துத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் எந்த ஊருணிக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். மூடி போட்டு இரண்டு நாள் வைத்தால் அழுக்கு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த செயினின் முதல் கழுவலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

செயினோடு சேர்த்து கேசட், முன்பக்கச் செயின் வீல், கியரை மாற்றும் டெரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்கள் எல்லாவற்றையும் துடைத்தாக வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் பழைய எண்ணெய் முதல் பத்துக் கிலோமீட்டரிலேயே செயினுக்கு ஏறிவிடும். ஃப்ரீவீலுக்குள்ளும் சக்கர நடுவிலுள்ள ஹப்புக்குள்ளும் மட்டும் டர்பன்டைன் போகக்கூடாது. அங்கே கிரீஸ்தான் வேலை செய்கிறது.

எந்த மெழுகு

மெழுகுவர்த்தித் தொழில் செய்பவர்கள் வாங்கும் பாரஃபின் மெழுகு கட்டி போதும். 'ஃபுல்லி ரிஃபைண்ட்' என்று கேளுங்கள். எண்ணெய் கலப்பு 0.5 சதவீதத்துக்குள் இருக்கும், தொட்டால் பிசுபிசுக்காது. உருகுநிலை 60-62 டிகிரி உள்ளதாக வாங்குங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய சைக்கிளின் செயினைத் தொட்டால் சுடும். குறைந்த வெப்பத்தில் உருகும் மெழுகு அந்தச் சூட்டில் இளகிப் புழுதியைப் பிடிக்கும். பிசியோதெரபியில் கை முக்கும் மெழுகு இதற்கு ஆகாது. அது சீக்கிரம் உருக வேண்டும் என்று எண்ணெய் கலந்தே செய்வது. தேன் மெழுகு ஒட்டும். கடையில் விற்கும் மெழுகுவர்த்தியில் பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலம் கலந்திருக்கும், கலர் வத்தியில் சாயமும் வாசனையும் கூட.

மாலிப்டினம் டைசல்ஃபைடு, டங்ஸ்டன் டைசல்ஃபைடு என்று பொடி கலந்த விலை உயர்ந்த மெழுகும் விற்கிறது. பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு அது பயன்படலாம். அன்றாடம் ஓட்டுகிறவர் அந்தப் பணத்தில் இன்னொரு செயின் வாங்கி, இரண்டுக்கும் மெழுகு போட்டு மாற்றி மாற்றி ஓட்டுவது நல்லது.

முக்குவது

அரை கிலோ மெழுகு ஒரு செயினுக்குத் தாராளம். பல தடவை வரும். நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். மெழுகு கொதிக்காது, சூடேறிக்கொண்டே போய்ச் சட்டென்று தீப்பிடிக்கும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதற்குள் எவர்சில்வர் பாத்திரத்தில் மெழுகை வையுங்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, மெழுகும் தாண்டாது. பியூட்டி பார்லர்களில் வைத்திருக்கும் வாக்ஸ் ஹீட்டர் இதைவிடச் சுலபம். இந்த வேலைக்கென்றே ஒன்றை ஒதுக்கிக்கொள்ளுங்கள். தப்பித் தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும்.

மெழுகு 85-90 டிகிரிக்கு வந்ததும் கம்பியில் கோத்த செயினை இறக்குங்கள். இறக்கியவுடன் செயினைச் சுற்றி மெழுகு வெள்ளையாக உறையும். செயின் குளிர்ச்சியாக இருப்பதுதான் காரணம். அந்த நிமிடத்தில் எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு மெழுகு வெளியே மட்டும் ஒட்டியிருக்கும், பின்னுக்குப் போயிருக்காது. உறைந்தது மறுபடி உருகி, கண்ணிகளிலிருந்து பொடிப் பொடியாகக் காற்றுக் குமிழி வரத் தொடங்கும். செயினை மேலும் கீழும் ஆட்டி ஆட்டி, குமிழி நின்றபிறகும் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு சூட்டைக் குறைத்து, மெழுகு 70-75 டிகிரிக்கு இறங்கியபின் வெளியே எடுத்து, மேலே வழிவதைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துத் தொங்கவிடுங்கள். அதிகச் சூட்டில் எடுத்தால் உள்ளே போனதும் வழிந்துவிடும்.

ஆறியதும் செயின் குச்சிபோல விறைத்து நிற்கும். பயப்பட வேண்டாம். ஒரு பைப்பின் மேல் போட்டு இரண்டு பக்கமும் முன்னும் பின்னுமாக இழுத்தால் ஒவ்வொரு கண்ணியும் டக் டக்கென்று விடுபடும். அதைச் செய்யாமல் மாட்டினால் கியர் தாவும். முதல் சில கிலோமீட்டருக்கு வெள்ளைத் தூள் உதிரும், கியர் சற்று மந்தமாக விழும். பிறகு சரியாகிவிடும்.

மாட்டும்போது, சாதா சைக்கிளில் செயினின் இரு முனையையும் சேர்க்கும் கிளிப் லாக்கில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது இடித்துக் கழன்றுவிடும். 10 கியருக்கு மேற்பட்ட செயின்களில் அதே வேலையைச் செய்யும் குயிக் லிங்க்கில் பல, கம்பெனி ஒரு தடவைக்கு மட்டும் என்று குறித்துத் தருபவை. பெட்டியைப் படித்துப் பாருங்கள்.

தார் ரோட்டில் 300 கிலோமீட்டருக்கு ஒரு முறை, சரளைப் புழுதியில் அதில் பாதிக்கு ஒரு முறை மறுபடி முக்குங்கள். அடுத்த முறை டர்பன்டைன் வேண்டாம். கொதிக்கும் தண்ணீரை ஒரு வாளியில் இருக்கும் செயின்மேல் ஊற்றினால் பழைய மெழுகும் மண்ணும் போய்விடும். தண்ணீர் ஆறியதும் மேலே மிதக்கும் மெழுகை எடுத்துப் போட்டுவிட்டுக் கொட்டுங்கள், சூட்டோடு சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். செயினை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே மெழுகுக்குள் இறக்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் அது மெழுகுக்கு அடியில் துருவாகும். சட்டியில் மெழுகு சாம்பல் நிறமானால் மாற்றிவிடுங்கள்.

இவ்வளவுக்கு நேரமில்லை என்றால் சொட்டு மெழுகு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஸ்குவர்ட் போன்றவை தண்ணீரில் மெழுகைக் கலக்கிய பால் போன்றவை. முதல் கழுவல் இதற்கும் அப்படியேதான். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, உள்பக்கமாக ரோலருக்கு ஒரு சொட்டு. ஒரு செயினுக்கு 5, 6 மி.லி. ஆகும். போட்டவுடன் ஓட்டக்கூடாது. தண்ணீர் ஆவியாகி மெழுகு மட்டும் தங்க ஓர் இரவு வேண்டும். காலையில் அவசரமாகப் போட்டுக்கொண்டு கிளம்பினால், ஈரமான பாலில் புழுதி ஒட்டி வேறு விதமான பசைதான் கிடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மெழுகுக்கு ஒரு பலவீனம் உண்டு. எண்ணெய் பரவி உலோகத்தை மூடும், மெழுகு அப்படி நகராது. உரசி மெழுகு போன இடத்தில் மழைத் தண்ணீர் நின்றால் மறுநாள் காலையிலேயே செம்புள்ளி தெரியும். நனைந்து வந்த அன்றே துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் காயவைத்து, இரவே சொட்டு மெழுகு விடுங்கள். அந்த இரண்டு மாதமும் தினமும் நனைகிற வேலை என்றால், கார்த்திகை முடியும்வரை எண்ணெய்க்கே மாறிக்கொள்ளுங்கள். மார்கழியில் மண் காய்ந்ததும் மறுபடி டர்பன்டைன் பாட்டிலிலிருந்து தொடங்கலாம்.