கண்ணாடிக்கு அடியில் ஒரு கண்

இண்டக்‌ஷன் அடுப்பில் 180 டிகிரி வைத்துவிட்டுத் தோசைக்கல்லை ஏற்றுகிறோம். அந்த 180 கல்லின் சூடு அல்ல. பெரும்பாலான வீட்டு அடுப்புகளில் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளின் நடுவே, மேல்தட்டுக் கண்ணாடியின் அடிப்புறத்தை ஒட்டி, சூட்டை அளக்கும் ஒரு சின்ன தெர்மிஸ்டர் இருக்கும். அதற்குத் தெரிவது கண்ணாடியின் சூடுதான்.

இந்த அடுப்பில் சூடு பிறப்பதே பாத்திரத்தில். சுருளின் மின்னோட்டம் நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் முன்னும் பின்னுமாக அலைய, அதன் காந்தப்புலம் இரும்பு அடிப்பாகத்தில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பிச் சூடாக்குகிறது. அந்தச் சூடு சுமார் 4 மில்லிமீட்டர் கண்ணாடியைக் கடந்து தெர்மிஸ்டருக்கு வர வேண்டும். கண்ணாடியோ வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். செய்தி போய்ச் சேர்வதற்குள் தாளிக்க ஊற்றிய இரண்டு ஸ்பூன் எண்ணெய் புகைந்துவிடும்.

சரி, காத்திராமல் நேராகப் பார்த்துவிட்டால்? சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிர் வீசும். அதைப் படிக்கும் உணரியைக் கண்ணாடிக்குக் கீழே வைக்கிறார்கள். ஜப்பானில் பானாசோனிக் விற்கும் சில அடுப்புகளில் இது உண்டு.

ஆனால் 200 டிகிரி பாத்திரம் அதிகம் வீசுவது 6 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டிய கதிர். கண்ணாடி அதை விடாது. சுமார் 2.5 மைக்ரானுக்குக் குறைந்ததைத்தான் தாராளமாக விடும். அதனால் உணரி அந்தக் கதிரில் அலைநீளம் குறைந்த ஓரத்து நுனியை மட்டும் பிடிக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: அந்த நுனிதான் சூட்டைக் கூர்மையாகக் காட்டுகிறது. பாத்திரம் 150-லிருந்து 200 டிகிரிக்கு ஏறினால் மொத்தக் கதிர்வீச்சு ஒன்றரை மடங்குதான் கூடும். 2 மைக்ரானில் மட்டும் பார்த்தால் ஆறு மடங்கு! அப்புறம், தான் வழிவிடும் அலைநீளத்தில் கண்ணாடி தானாகக் கதிர் வீசுவதும் மிகக் குறைவு. பாத்திரத்தின் கணக்கில் கண்ணாடியின் சூடு கலந்துவிடாது.

100 டிகிரியில் அந்த நுனிக் கதிர், 200-இல் கிடைப்பதில் அறுபதில் ஒரு பங்குதான். ஆனால் அதில் பெரிய நஷ்டமில்லை, கொதிக்கும் தண்ணீர் தன் சூட்டைத் தானே 100 டிகிரியில் பிடித்துவைத்துக்கொள்ளும்.

பளபளக்கும் எவர்சில்வர் அடிப்பாகம்தான் உண்மையான தொல்லை. அது கதிரைக் குறைவாக வீசுவதால், கொதிக்கும் சூட்டிலும் ஆறியதுபோல் தெரியும். அடுப்பு ஏமாந்து இன்னும் சூடேற்றும். அதற்காகவே தெர்மிஸ்டரையும் காவலுக்கு விட்டுவைக்கிறார்கள். கருத்துப்போன பழைய இரும்புத் தோசைக்கல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கருப்புதான் கதிரை நன்றாக வீசும். அடி சற்றே குழிந்து கண்ணாடியைத் தொடாமல் நின்றாலும் பரவாயில்லை. பார்ப்பதற்குத் தொட வேண்டியதில்லையே.