வளைந்து ஏறும் கைப்பிடி

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகச் சுணங்குவது அதனால்தான். மாடிப்படிக் கைப்பிடிக்காக மரத்தை ஆவியில் வேகவைத்து வளைக்க நினைக்கும் தச்சருக்கும் அதே உயரம்தான் கணக்கு. சாதாரண ஆவிப்பெட்டியில் அதற்குமேல் சூடு ஏறாது.

மரத்துக்கு வலு தரும் நார்கள் செல்லுலோஸ். அவற்றைப் பிணைத்து நிற்பது லிக்னின். ஈரமும் சூடும் சேர்ந்தால் லிக்னின் இளகும், ஆறினால் இறுகும். 94 பாகை அதற்குப் போதும். அங்குலத் தடிப்புக்கு ஒரு மணிநேரம் என்ற பட்டறைக் கணக்கைச் சற்று நீட்டிக்கொண்டால் சரி. உண்மையான தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. வெந்த மரம் கால்பங்கு வரைகூட அமுங்கிக் கொடுக்கும். இழுத்தாலோ நூற்றில் இரண்டு பங்கு நீள்வதற்குள் வெளிப்பக்கம் பிளந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் வளைமரக் கதிரைகளால் பேர்பெற்ற மிக்கேல் தோனெட் வெளிப்பக்கத்தில் உலோகப் பட்டையைக் கட்டி வளைத்தது இதைச் சமாளிக்கத்தான். அவர் கையில் இருந்தது பீச் மரம். நமக்குக் கிடைக்கும் தேக்கும் மகோகனியும் அந்த அளவுக்கு வளைந்து கொடுப்பதில்லை.

ஆகவே வேகவைக்காமலே வளைக்கும் வழியைத்தான் நான் சிபாரிசு செய்வேன். கைப்பிடிக்கு 40 மில்லிமீட்டர் தடிப்பு வேண்டுமானால், 4 மில்லிமீட்டர் பட்டிகளாகப் பத்து அறுத்து, இடையில் பசை பூசி, வளைத்துக் கிளாம்பால் இறுக்கி வைக்கிறார்கள். (வாள் தின்னும் தூளைப் பார்த்தால் வயிறு எரியும்.) வளைவை எதிர்க்கும் விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது, தடிப்பு பத்தில் ஒன்றானால் விறைப்பு ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். பத்துப் பட்டிகளையும் சேர்த்து வளைத்தாலும் முழுக்கட்டைக்கு வேண்டிய விசையில் நூற்றில் ஒரு பங்கு போதும். பசை இறுகியதும் பட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க முடியாது. போன விறைப்பு முழுவதும் திரும்பிவிடும். கிளாம்பைக் கழற்றும்போது வளைவு கொஞ்சம் நிமிரும். பத்துப் பட்டிகளுக்கு அது கணக்குப்படி நூற்றில் ஒரு பங்குதான்.

சரி, வளைந்தால் மட்டும் போதுமா? ஏறவும் வேண்டுமே. ஒரு காகிதப் பட்டியை எடுத்துத் தேயிலை டின்னின்மேல் சாய்வாகச் சுற்றிப் பாருங்கள். ஒரு சுருக்கமும் விழாமல் படியும். உருளையின் பரப்பை விரித்துத் தட்டையாக்கினால், ஒரே சரிவில் ஏறும் அந்தச் சுருள்பாதை வெறும் நேர்கோடு. பட்டியைப் பக்கவாட்டில் வளைக்கத் தேவையே இல்லை.

கணக்கும் எளிது. 1 மீட்டர் ஆரத்தில் கால்வட்டம் திரும்பும் படிக்கட்டு; 17.5 சென்டிமீட்டர் உயரத்தில் ஏழு படிகள். விரித்தால் அடிப்பக்கம் 1.57 மீட்டர், உயரம் 1.225 மீட்டர். பித்தகோரஸ் தரும் கைப்பிடி நீளம் ஏறத்தாழ 1.99 மீட்டர். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மேலிருந்து பார்த்தால் ஆரம் 1 மீட்டர். ஆனால் சாய்ந்து ஏறுவதால் மரம் உணரும் ஆரம் 1.6 மீட்டர். திருப்பத்தின் மீதி முறுக்காகப் போய்விடுகிறது. 4 மில்லிமீட்டர் பட்டியின் வெளிமுகம் நீள்வது ஒரு சதவீதத்தில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே. உலர்ந்த மரமே அதைத் தாங்கும்.

மலையகத்தில் கவனிக்க வேண்டியது பசையை. சனவரி இரவுகளில் நுவரெலியாவில் தேயிலைக் கொழுந்தே உறைபனியில் கருகும். 10 பாகைக்குக் கீழே பல வெள்ளைப் பசைகள் படலமாக இறுகாமல் சுண்ணாம்புத் தூள்போல் உதிரும். குளிரில்லாத நாளிலும், நிமிரப் பார்க்கும் பட்டிகளின் ஓயாத இழுவைக்கு அவை மெல்ல நகர்ந்து கொடுக்கும். எபொக்சிப் பசை அப்படி நகராது; குளிரில் இறுக அதிக நேரம் எடுக்கும், அவ்வளவே. அதுவரை பட்டறையைச் சூடாக வைத்திருக்க வேண்டும்.

சரிவு மாறும் இடத்தில்தான் இந்த முறை கைவிடுகிறது. படி முடிந்து சமதளம் தொடங்கும் இடத்தில் கைப்பிடி பக்கவாட்டிலும் வளைய வேண்டும். டின்னின்மேல் காகிதத்தை அப்படித் திருப்பினால் கசங்கும். அந்தத் துண்டை முழுக்கட்டையிலிருந்து செதுக்கத்தான் வேண்டும். செதுக்கும்போது நார்கள் வளைவைத் தொடராமல் குறுக்கே வெட்டுப்படும். அந்த இடத்தில் மரம் எளிதில் முறியும். அதனால் அனுபவசாலிகள் அந்தத் துண்டை முடிந்தவரை குட்டையாக வைத்து, பட்டிகளால் ஆன பகுதியோடு உள்ளே மறையும் போல்ட்டால் இணைத்துவிடுகிறார்கள்.