லாரன் பகாலின் அடிக்குரல்

1943 மார்ச் மாத 'ஹார்ப்பர்ஸ் பஜார்' அட்டையில், செஞ்சிலுவைச் சங்க இரத்ததான அறையின் கதவருகே நின்றிருந்த 18 வயது மாடலை, இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸின் மனைவி தம் கணவரிடம் காட்டினார். லாரன் பகாலின் ஹாலிவுட் வாழ்க்கைக்கு அதுவே தொடக்கம். நிழற்படத்துக்கு முகம் போதும். பேசும் படத்துக்குக் குரலும் வேண்டுமே! உணர்ச்சி மிகும்போது அவருடைய குரல் மேலேறிவிடுவது ஹாக்ஸுக்குப் பிடிக்கவில்லை. எனவே பகால் ஆளரவமற்ற மல்ஹாலந்து சாலையில் காரை நிறுத்திவிட்டு, ஒரு நாவலைத் தாழ்ந்த சுருதியில் உரக்க வாசித்துப் பழகினார்.

அப்போது தொண்டைக்குள் நடப்பது இதுதான். நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல்வளையிலுள்ள இரண்டு குரல் நாண்களை அதிரச் செய்கிறது. பேசும்போது அவை பெண்களிடம் நொடிக்கு ஏறத்தாழ 200 முறையும், நீளமும் தடிப்பும் மிகுந்த நாண்களைக் கொண்ட ஆண்களிடம் ஏறத்தாழ 120 முறையும் திறந்து மூடுகின்றன. நாண்களை இழுத்துப் பிடிக்கும் தசை தளர்ந்தால் அவை குறுகித் தடித்து மெதுவாக அதிரும், சுருதி இறங்கும். தொண்டையின் முன்பக்கத்தில் விரலை வைத்து 'ம்' என்று முனகியபடி சுருதியைப் படிப்படியாக இறக்கினால், பெரும்பாலோருக்குக் குரல்வளையே கீழே நகர்வது விரலுக்குத் தெரியும்.

ஆனால் நாணின் இயல்பான நீளம் பயிற்சியால் மாறாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் அதற்குக் கீழே இறங்க முடியாத ஓர் அடிமட்டம் உண்டு. அதை ஒட்டியே நாள் முழுதும் போதிய மூச்சின்றிப் பேசுபவருக்குக் குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகள் இறுகி, குரல் களைத்துக் கரகரக்கும். நடிகர், பாடகர், அறிவிப்பாளர் போன்றோரிடம் காணப்பட்ட இந்தக் கோளாறுக்கு, 1988இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை 'போகார்ட்–பகால் நோய்க்குறித்தொகுதி' என்று பெயரிட்டது. நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட்டுக்கும் அவர் மனைவி பகாலுக்கும் சேர்த்துக் கிடைத்த இந்தப் பெருமையை யாரும் விரும்பிக் கேட்டிருக்க மாட்டார்கள். மூச்சைச் சீராக்கி, சுருதியைச் சற்றே உயர்த்திப் பேசப் பழக்கும் குரல் பயிற்சியே இதற்கான முக்கிய சிகிச்சை.

1944இல் வெளியான முதல் படத்தில் பகாலின் பதற்றம் தசைகளில் வேறு விதமாகவும் வெளிப்பட்டது. தலை நடுங்கியதால் மோவாயை மார்போடு ஒட்டித் தாழ்த்தி, கண்களை மட்டும் உயர்த்தினார். அதுவே அவருடைய புகழ்பெற்ற பார்வையாயிற்று. குரலும் அவரை விட்டுப் போகவில்லை. 1970இலும் 1981இலும் டோனி விருது பெற்றுத்தந்த இசை நாடகங்களில் அவர் பாடியது அந்த அடிக்குரலில்தான்.