பெல்ட் உருகினால் மாற்றலாம், ஹெட் தேய்ந்தால்?

கோலாலம்பூரின் செந்தூலில் முன்பு உறுமி மேளக் குழு நடத்திய நண்பர் ஒருவரின் அலமாரியிலிருந்து அண்மையில் ஒரு நான்கு தடக் கேசட் பதிவுக் கருவி, அதாவது ஒரே நாடாவில் நான்கு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் கருவி, வெளியே வந்தது. கூடவே ஒரு பிஸ்கட் டின் நிறையக் கேசட்டுகளும் வந்தன. கருவியில் விளக்கு எரிகிறது, மோட்டார் சுற்றும் சத்தமும் கேட்கிறது, ஆனால் நாடா நகரவில்லை. பழுதுபார்ப்பதா, பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவதா என்று அவர் கேட்டார். கருவியின் வயதும் பழுதுபார்க்கும் கூலியும் இதற்கு விடை தராது. உள்ளே கெட்டிருப்பது எந்த உறுப்பு என்பதுதான் விடை தரும்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட்டில் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஸ்டீரியோ கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு தடங்கள் உண்டு. கேசட்டைத் திருப்பிப் போடும்போது மற்ற இரண்டும் எதிர்த்திசையில் ஓடும். 1979இல் டாஸ்கம் வெளியிட்ட போர்ட்டாஸ்டூடியோ 144 என்ற கருவி இந்த நான்கு தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்தியதோடு, நாடாவின் வேகத்தையும் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டரிலிருந்து ஏறக்குறைய 9.5 சென்டிமீட்டராக இரட்டிப்பாக்கியது. அதனால் 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான் பதிய முடியும். பின்னர் வந்த சில மலிவான கருவிகள் சாதாரண வேகத்திலேயே ஓடின.

இத்தகைய கருவியின் உயிர் ஹெட் எனப்படும் காந்தத் தலையில் இருக்கிறது. முதல் தடத்தில் உறுமியைப் பதிந்துவிட்டு, அதைக் காதில் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் பாட்டைப் பதிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒலிப்பதற்கு ஒரு ஹெட்டும் பதிவதற்கு ஒரு ஹெட்டும் ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி இருந்தால், பாட்டு தாளத்தைவிட விநாடியில் பத்தில் ஒரு பங்கு விலகிப் பதியும். உறுமிக்காரர் எவரும் இதை மன்னிக்கமாட்டார். எனவே ஒரே ஹெட்டுக்குள் நான்கு தனித்தனிச் சுருள்களை அடுக்கி, ஒன்று பதிந்துகொண்டிருக்கும்போதே மற்றவை ஒலிக்குமாறு செய்தார்கள். ஒவ்வொரு சுருளுக்கும் கிடைக்கும் தடம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பாதிதான். இத்தனை நுண்மையான ஹெட்டைத் தனிப்பொருளாக இன்று கடையில் வாங்குவது மிகக் கடினம். இறந்துபோன இன்னொரு கருவியிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும், அதுவும் தேய்ந்ததாகவே இருக்கலாம்.

தேய்மானம் ஏன் அவ்வளவு கெடுக்கிறது? விநாடிக்கு 9.5 சென்டிமீட்டர் வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் 9.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளமே பிடிக்கிறது. நாடாவுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஒரு மைக்ரான் இடைவெளி விழுந்தாலே அந்த ஒலி 5.7 டெசிபல் குறைந்துவிடும்; சாதாரண வேகத்தில் அதே இடைவெளி 11.5 டெசிபலைத் தின்னும். கேசட்டின் பழுப்பு நிறத் தூசு ஹெட்டில் படிந்தாலும், ஹெட்டின் முகம் கோணலாகத் தேய்ந்தாலும் இதுதான் நடக்கும். முன்னது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சோடு தீர்ந்துவிடும், பின்னது தீராது. ஹெட்டின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நாடா ஓடிய பாதையின் ஓரத்தில் தெளிவான படி தட்டுப்பட்டால், செலவு செய்யும் முன் தயங்குவது நல்லது.

இரைச்சலைக் குறைக்கும் டி.பி.எக்ஸ் சுற்று உள்ள கருவிகளில் இந்தக் குறை இரட்டிப்பாகிறது. பதியும்போது ஒலியின் ஏற்றத்தாழ்வைப் பாதியாகச் சுருக்கி, ஒலிக்கும்போது இரண்டு மடங்காக விரிப்பதே அதன் வேலை. நாடாவிலிருந்து 2 டெசிபல் குறைவாக வந்த ஒலி, விரிந்து வெளியே வரும்போது 4 டெசிபல் குறைவாகியிருக்கும்.

கோலாலம்பூர் வெக்கையும் ஈரமும் முதலில் தாக்குவது ரப்பரைத்தான். நண்பரின் கருவியைத் திறந்தபோது மோட்டாரின் விசையைக் கடத்தும் பெல்ட் கரிய பசையாக உருகிக் கப்பியில் ஒட்டியிருந்தது. சட்டையில் பட்டால் போகாது என்பதால், திறப்பவர்கள் பழைய சட்டை அணிந்துகொள்ளலாம். நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை பளபளத்து இறுகியிருந்தது, கியரில் பூசிய கிரீஸ் மெழுகாகியிருந்தது. இவை யாவும் மாற்றவோ துடைக்கவோ கூடியவை. வற்றிப்போன மின்தேக்கிகளுக்கு மாற்று, புடு வட்டாரத்தின் ஜாலான் பாசார் கடைகளில் கிடைக்கும். மூன்றாம் தடம் ஊமையாக இருந்ததற்குக் காரணம் சுவிட்சில் படிந்த களிம்புதான். ஜப்பானிலிருந்து வந்த பழைய கருவியாக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: 100 வோல்ட்டுக்கான அதன் அடாப்டரை நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால், அடாப்டரும் போய்விடும், அதன் பின்னால் இருப்பதும் போகக்கூடும்.

கேசட்டுகளை மட்டும் காப்பாற்றினால் போதும் என்பவர்களுக்கு வேறொரு வழி உண்டு. சாதாரண ஸ்டீரியோ டெக்கில் முதல் பக்கத்தைப் போட்டால் முதலிரண்டு தடங்கள் பாதி வேகத்தில் வரும், திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னோக்கி வரும். இரண்டையும் கணினியில் ஏற்றி, ஒன்றை நேராகத் திருப்பி, வேகத்தை இரட்டிப்பாக்கிச் சேர்க்கலாம். ஆனால் இரண்டு ஓட்டங்களின் வேகமும் ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபட்டாலே, 15 நிமிட முடிவில் தடங்கள் ஏறக்குறைய ஒரு விநாடி விலகி நிற்கும். ஒரே கருவியில் நான்கையும் ஒரே ஓட்டத்தில் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. நண்பரின் ஹெட்டில் படி எதுவும் தட்டுப்படவில்லை, கேசட்டுகளும் இருந்தன. எனவே பழுதுபார்க்கலாம் என்றேன்.

பெல்ட்டை மாற்றிய பழுதுபார்ப்பவர், அதோடு சேர்த்து ஹெட்டின் சாய்வையும் மோட்டாரின் வேகத்தையும் சோதனைக் கேசட்டை வைத்துச் சரிப்படுத்தித் தருவதாகச் சொன்னார். இப்போதைக்கு வேண்டாம் என்று தடுத்துவிட்டோம். ஹெட் சற்றே சாய்ந்திருந்தால், டின்னில் உள்ள பாடல்களும் அதே சாய்வோடுதான் பதிந்திருக்கும். ஹெட்டை நிமிர்த்தினால் அவற்றின் உச்ச ஒலிகள் மங்கிவிடும். கேசட்டுகள் எல்லாம் கணினிக்குள் ஏறும்வரை அந்தச் சிறிய திருகாணியை யாரும் தொடக்கூடாது என்று நண்பர் அதன்மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிவைத்திருக்கிறார்.