பெட்டியில் மீன் படம் இருந்தால் போதுமா? ஃப்ளை லைன் வாங்குவோர் கவனத்துக்கு

மீன் பிடிக்க வீசும் ஃப்ளை, அதாவது இறகால் கட்டிய செயற்கை இரை, தூரம் போகவில்லை என்றால் நம் ஆட்கள் முதலில் ராடை, அதாவது தூண்டில் கோலைத் திட்டுகிறார்கள், அடுத்துத் தங்கள் கையைத் திட்டுகிறார்கள். கடைசி வரை திட்டு வாங்காமல் தப்பிப்பது லைன் என்ற கனமான வீச்சு நூல் மட்டும்தான். கோலாலம்பூரில் தூண்டில் சாமான் விற்றுக்கொண்டும் வார இறுதிகளில் ஃப்ளை வீசக் கற்றுக்கொடுத்தும் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: "புது ராட் வேண்டும்" என்று வருகிறவர்களில் பலருக்குத் தேவை புது ராட் இல்லை, அவர்கள் தண்ணீருக்குப் பொருந்தும் லைன்.

லூர் என்ற கனமான செயற்கை இரையை வீசும்போது லூரின் எடை நூலை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளையில் நிலைமை தலைகீழ். கோழி இறகும் மான் மயிரும் வைத்துக் கட்டிய ஃப்ளைக்குச் சொல்லிக்கொள்ளும்படி எடை கிடையாது. ராடை வளைப்பதும் ஃப்ளையைச் சுமந்து போவதும் லைனின் எடைதான். அதனால்தான் லைனுக்கு எண் போட்டு விற்கிறார்கள்; ராடிலும் அதற்குப் பொருந்தும் லைனின் எண் இருக்கும். அமெரிக்கத் தூண்டில் சாமான் உற்பத்தியாளர்கள் 1960களின் தொடக்கத்தில் வகுத்துக்கொண்ட கணக்கு இது: லைனின் முதல் 30 அடியை கிரெய்ன் என்ற சிறு எடையலகில் நிறுத்துப் பார்க்க வேண்டும். 160 கிரெய்ன் இருந்தால் 6ஆம் எண், 185 என்றால் 7, 210 என்றால் 8. 185 கிரெய்ன் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய 12 கிராம்.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் குழப்பம் வருவது பாஸ் மீன் படம் போட்ட பெட்டிகளில்தான். முகப்பில் 7 என்று இருக்கும். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் கிரெய்னைப் பார்த்தால் 8ஐத் தொட்டிருக்கும். இது ஏமாற்று வேலை இல்லை. இன்றைய கார்பன் ராடுகள் விறைப்பானவை. நீரின் மேல் மிதக்கும் பாப்பர் என்ற பருத்த ஃப்ளையைக் குறைந்த வீச்சில் எறிய, பாதி எண்ணோ ஒரு எண்ணோ கூடுதல் எடையை நிறுவனங்களே சேர்த்துவிடுகின்றன. அது தெரியாமல், "ராட் 7, லைன் 8 வாங்கினால் நன்றாக இழுக்குமாம்" என்று நண்பர் சொன்னதையும் சேர்த்துக் கேட்டால், 7ஆம் எண் ராட் 9ஆம் எண் பாரத்தைச் சுமக்கும். அப்புறம் ராட் துவளத்தான் செய்யும். முகப்பை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள்.

படத்தில் இருக்கும் மீனைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்மால்மவுத் பாஸ் வட அமெரிக்காவுக்கு உரியது. பேரேரிகள், செயின்ட் லாரன்ஸ், ஒஹாயோ, மிசிசிப்பியின் மேல்பகுதி ஆகியவை அதன் பூர்விகம். பாறையும் சரளையும் நிறைந்த தெளிந்த குளிர்ந்த நீர் அதற்குப் பிடிக்கும். கிரேஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கி இறால்தான் விருப்ப உணவு. சிறு மீனையும் மேலே மிதக்கும் பூச்சியையும் விடாது. இந்த மீனுக்கு 6 முதல் 8 வரை எந்த எண்ணும் பொருந்தும், 7 நடுநிலையானது. ஒரே ஒரு லைன்தான் வாங்க முடியும் என்றால் மிதக்கும் லைன் வாங்க வேண்டும், அதுவும் எடையை முன்பக்கம் திரட்டி வைத்த வகை. பெட்டியில் அது டபிள்யூ.எஃப்.7எஃப் (வெயிட் ஃபார்வர்ட், 7ஆம் எண், ஃப்ளோட்டிங்) என்று அச்சாகியிருக்கும்.

முன்பக்கம் திரண்டிருக்கும் அந்தக் கனமான பகுதியை ஹெட் என்கிறோம். லைன் தேர்வில் பாதி விஷயம் அதன் நீளத்தில் இருக்கிறது. ஹெட் குட்டையாகவும் நுனி சட்டென்று மெலிவதாகவும் இருந்தால், காற்றை எதிர்க்கும் மான் மயிர்ப் பாப்பரைக்கூடப் புரட்டி நேராக நீட்டிவிடும். ஆனால் தொப்பென்று விழும். கலங்கல் நீரில், மரக்கட்டை ஓரத்தில் அந்தச் சத்தத்தால் கேடு இல்லை. கோடையில் ஆறு வற்றித் தெளிந்து கிடக்கும்போது அதே சத்தம் ஸ்மால்மவுத்தை விரட்டிவிடும். மேலும் ஓடும் ஆற்றில் ஃப்ளை இழுபடாமல் இருக்க, நீரில் கிடக்கும் லைனைத் தூக்கி நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் புரட்டிப் போட வேண்டியிருக்கும். ஹெட் குட்டையாக இருந்தால் அதற்குப் பின்னால் இருப்பது மெல்லிய ஓட்ட நூல். மெல்லிய நூலால் கனத்தைப் புரட்ட முடியாது. ஆகவே ஆற்றுக்கு ஹெட் 40 அடியை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பது நல்லது. படகில் நின்று கரையோரம் பாப்பர் எறிகிறவருக்கு 30 அடியே போதும். "பாஸ் லைன்" என்று பொதுவாகக் கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார்?

ஏரியில் மீன் கீழே போய்விட்டால் மெதுவாக மூழ்கும் இன்டர்மீடியட் லைன் உதவும். அது வினாடிக்கு ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் இறங்கும். இன்னும் ஆழத்துக்கு மூழ்கும் லைனில் 3ஆம் வகை இருக்கிறது, வினாடிக்கு ஏறத்தாழ 3 அங்குலம். லைன் நிறத்தைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் லீடர் என்ற மெல்லிய நூல் 9 அடிக்கு இருக்கிறது; உங்கள் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கிளவுசர் மினோ என்ற ஃப்ளையை மலேசியாவில் ஃப்ளை வீசுகிற பலரும் பெட்டியில் வைத்திருப்பார்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஈயக் குண்டு கட்டிய ஃப்ளை அது. பென்சில்வேனியாவின் சஸ்குஹானா ஆற்றில் ஸ்மால்மவுத் பிடிப்பதற்காக பாப் கிளவுசர் 1980களில் உருவாக்கியது. நம் செபாரா மீனும் அதைத் துரத்தி வந்து அடிக்கிறது. இதைப் பார்த்துவிட்டு, ஃப்ளை செல்லுபடியானால் லைனும் செல்லுபடியாகும் என்று முடிவு கட்டுகிறார்கள். அங்கேதான் பணம் வீணாகிறது. டொராண்டோவிலிருந்து மாமாவோ மச்சானோ வாங்கி அனுப்பிய முதல்தர லைன், தெமெங்கோர் ஏரியின் மதிய வெயிலில் சூட்டில் விட்ட மெழுகுத்திரி போலத் துவண்டுவிடுகிறது.

காரணம் லைனின் உடம்பில் இருக்கிறது. உள்ளே ஓர் உள்நூல், அதன்மேல் பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் பூச்சு. குளிர்நாட்டு லைனில் உள்நூல் மிருதுவாகப் பின்னிய நைலான், பூச்சும் மிருதுவானது. 10, 15 டிகிரி நீரில் சுருளாமல் இருப்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். நம் ஏரிகளின் மேல்நீர் 28, 30 டிகிரியில் இருக்கிறது, வெயிலில் படகின் தளம் அதைவிடச் சுடும். அந்தச் சூட்டில் பூச்சு இளகிப் பிசுபிசுக்கிறது. லைன் ராடின் வளையங்களுக்கு இடையே தொய்ந்து உரசுகிறது. வீச்சில் நீங்கள் கொடுக்கும் வேகம் முழுவதும் அந்த உரசலில் கரைந்துபோகிறது. வெப்ப நாட்டுக்கான லைனில் உள்நூல் விறைப்பானது, பெரும்பாலும் மோனோ என்ற ஒற்றை இழை நைலானைப் பின்னியது, பூச்சும் கெட்டியானது. பெட்டியில் டிராபிக்கல் என்று போட்டிருப்பார்கள், அல்லது உகந்த வெப்பநிலையை டிகிரியில் குறிப்பிட்டிருப்பார்கள். பாஸ் லைன் என்று விற்பவற்றில் இரண்டு சாதியும் உண்டு என்பதால் மீன் பெயரை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

எதிர்த்திசையிலும் இந்தத் தொல்லை உண்டு. ஒன்டாரியோவில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் கிராண்ட் ஆற்றிலோ சிம்கோ ஏரியிலோ ஸ்மால்மவுத் பிடிக்கும் ஆசையில் இங்கிருந்து தூண்டில் எடுத்துப் போகிறார்கள். நம் டிராபிக்கல் லைன் அந்தக் குளிர்நீரில் கம்பிச்சுருளாகிவிடும். எவ்வளவு இழுத்து நீவினாலும் ரீலில் சுற்றியிருந்த வடிவத்துக்கே திரும்பும். ராடையும் ரீலையும் எடுத்துப் போங்கள், லைனை அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ் பருவம் எப்போது திறக்கிறது என்பதையும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். முட்டையிடும் காலத்தில் அங்கே தடை உண்டு.

நம் மீன்களில் தோமான்தான் லைனைக் கடுமையாகச் சோதிப்பது. அது காற்றைச் சுவாசிக்க மேலே வந்து ஒரு வாய் விழுங்கிவிட்டு இறங்கும். நீர் கலங்கிய இடத்தில் அந்த நொடிகளுக்குள் ஃப்ளை விழ வேண்டும். நான்கைந்து முறை முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தால் மீன் போய்விடும். ஒரே வீச்சில் 50 அடி போக வேண்டும் என்றால் 8 அல்லது 9ஆம் எண், குட்டையான கனமான ஹெட், டிராபிக்கல் உள்நூல் மூன்றும் வேண்டும். நீரின் மேல் சிவந்த குஞ்சுக் கூட்டம் கொதிப்பதைப் பார்த்து அதன் நடுவில் எறிவது நம்மில் பலருக்கு வழக்கம். காவலுக்கு நிற்கும் தாயும் தகப்பனும் கோபத்தில் அடிக்கும் என்பது உண்மைதான். அவற்றைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை. என் மாணவர்களை அங்கே வீச விடுவதில்லை.

செபாராவுக்கு 6 அல்லது 7 போதும். ஆறு ஏரியில் கலக்கும் இடங்களிலும் விழுந்த மரங்களின் ஓரத்திலும் அது சிறு மீனைத் துரத்தும். அங்கே இன்டர்மீடியட் லைனில் கிளவுசரைக் கட்டி வேகமாக இழுப்பது எனக்குப் பிடித்த முறை. சிலாங்கூர், பேராக் ஈயச் சுரங்கக் குட்டைகளில் திரியும் பீகாக் பாஸ், பெயரில் பாஸ் இருந்தாலும் பாஸ் இனத்தைச் சேர்ந்தது இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட சிக்லிட் வகை. அதற்கும் மிதக்கும் 7 போதும்.

விலை உயர்ந்த லைன்கள் முந்நூறு ரிங்கிட்டுக்கு மேல் போகின்றன. ராடில் மிச்சம் பிடித்து லைனில் செலவிடுங்கள் என்றுதான் எப்போதும் சொல்கிறேன். நடுத்தர ராட் நல்ல லைனோடு ஒழுங்காக வீசும். உயர்ந்த ராட் பொருந்தாத லைனோடு வீசாது.

அவ்வளவு பணம் கொடுத்து வாங்கியதை ஒரே நாளில் கெடுக்க, கொசு மருந்து போதும். டீட் கலந்த மருந்து லைனின் பூச்சை அரித்துவிடும். காட்டு ஏரியில் கொசு மருந்து இல்லாமல் உட்காரவும் முடியாது. புறங்கையால் தடவிக்கொள்ளுங்கள், உள்ளங்கையில் படவிடாதீர்கள். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத பிகாரிடின் கலந்த மருந்து கிடைத்தால் இன்னும் நல்லது. சன்ஸ்கிரீனுக்கும் படகு இன்ஜின் பெட்ரோலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வீசிப் பழகுவது புல்வெளியில் இருக்கட்டும். கார் நிறுத்துமிடத்துத் தார்த் தரை பூச்சைச் சுரண்டிவிடும். ரீலைக் காரின் பின்பெட்டியில் வெயிலில் விட்டு வேலைக்குப் போகாதீர்கள். ஏரியிலிருந்து திரும்பியதும் வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பைக் கரைத்து லைனை ஊறவைத்து, மென்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்திய பிறகு சுற்றுங்கள். துடைக்கும்போது நகத்தில் தட்டுப்படும் வெடிப்புகளைக் கவனியுங்கள். ஹெட்டின் நடுவில் வெடித்து உள்நூல் தெரிந்தால், நீர் உள்ளே புகுந்து மிதக்கும் லைன் மூழ்கத் தொடங்கும். அதற்குப் பசை கிடையாது, புது லைன்தான். நுனி ஓரடிக்குள் மட்டும் வெடித்திருந்தால் கடைக்குக் கொண்டுவாருங்கள்; வெட்டிவிட்டு, லீடரைக் கோக்கும் லூப் போட்டுத் தருகிறோம்.