செங்கல் நிறத்தில் செத்துக் கிடக்கும் புழு

"நேற்றுவரை நன்றாக இருந்த சாமந்தி இன்று வாடியிருந்தது. தொட்டதும் கையோடு வந்துவிட்டது, அடியில் வேரே இல்லை. யார் கண் பட்டதோ?" என்று திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கண்ணும் படவில்லை, திருஷ்டிப் பூசணிக்கும் இங்கே வேலையில்லை. பாத்தியை அரைச் சாண் கிளறிப் பாருங்கள். பழுப்புத் தலையும் மூன்று ஜோடிக் கால்களுமாகச் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுதான் வேரைத் தின்றது. வேர்ப்புழு என்பார்கள். கோடை மழை பெய்த அந்தியில் மண்ணிலிருந்து கிளம்பி வேம்பிலும் முருங்கையிலும் மொய்க்கிறதே பழுப்பு வண்டு, அதன் பிள்ளை.

சுருண்ட வெள்ளைப் புழுவெல்லாம் எதிரியல்ல. தரையில் விட்டால் மல்லாந்து முதுகாலேயே ஊர்ந்து போகிறதா? அது பூ வண்டின் புழு. மட்கைத் தின்று வாழ்வது. எருக்குழியில் விட்டுவிடுங்கள்.

வேர்ப்புழுவைக் கையால் பொறுக்கலாம். மழைக்குப் பிந்தைய இரவுகளில் விளக்குப்பொறி வைத்து வண்டைப் பிடிக்கலாம். மட்காத சாணத்தைப் பாத்தியில் போடக் கூடாது. இவை பலருக்கும் தெரிந்தவை. நான் சொல்ல வந்தது நூற்புழுவைப் பற்றி, அதாவது மண்ணில் வாழும் நூல் போன்ற நுண்ணிய புழுவைப் பற்றி.

வேரில் முடிச்சுப் போடும் நூற்புழு அல்ல இது. ஹெட்டரோராப்டிடிஸ் என்ற இந்த வகை செடியைத் தொடாது. அரை மில்லிமீட்டர் நீளமுள்ள இளம் நூற்புழு, ஈரமண்ணில் நீந்தி வேர்ப்புழுவைத் தேடி, வாய் வழியாகவோ மூச்சுத்துளை வழியாகவோ உள்ளே நுழைகிறது. நுழைந்ததும் தன் குடலில் சுமந்துவந்த போட்டோராப்டஸ் பாக்டீரியாவைப் புழுவின் இரத்தத்தில் கக்குகிறது. பாக்டீரியா பெருகிப் புழுவைக் கொல்கிறது.

ஈரமண்ணில் செத்த உடல் அழுக வேண்டும் அல்லவா? இது அழுகுவதில்லை! அந்த பாக்டீரியாவே நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சுரந்து மற்றக் கிருமிகளை அண்டவிடாமல் காக்கிறது. எறும்பை விரட்டும் பொருளையும் சுரக்கிறது. பிணம் செங்கல் நிறமாகிறது. இருட்டுக்குக் கண் பழகியபின் பார்த்தால் மங்கலாக ஒளிர்வதும் தெரியும். நூற்புழுக்கள் அதற்குள்ளேயே பாக்டீரியாவைத் தின்று, தலைமுறை பெருக்கி, இரண்டு வாரம் போலானதும் லட்சக்கணக்கில் வெளியேறுகின்றன. ஒவ்வொன்றின் குடலிலும் அதே பாக்டீரியா!

வெப்பம் தாங்கும் ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா என்ற இனம் கோயம்புத்தூரில் கிடைத்து, 1992 இல் அறிவியலுக்கு அறிமுகமானது. நம் காலடி மண்ணில் தேடியவர்கள் கண்டது. இத்தகைய பொறுமையான தேடலுக்கு நிதி தருவதில் கை சுருங்கக் கூடாது என்பேன்.

வெயில் நூற்புழுவுக்கு எமன். அதனால் சாயங்காலம் பாத்தியை நனைத்துவிட்டு, நூற்புழுக் கரைசலை ஊற்றி, மறுபடி தண்ணீர் விட்டு, சில நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு களை கொத்தும்போது செங்கல் நிறப் புழு கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். கிடைத்த இடத்திலேயே புதைத்துவிடுங்கள். அடுத்த படை அதற்குள்தான் இருக்கிறது.