50 வயதைத் தாண்டியவரின் லைசென்ஸ்: எப்போது முடிகிறது, எப்படிப் புதுப்பிப்பது?

இன்சூரன்ஸ் வேலை ஒன்றுக்காக அப்பாவின் லைசென்ஸ் அட்டையைத் தேடி எடுத்தபோதுதான் பார்த்தேன், அது முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு 67 வயது. அந்த நான்கு மாதமும் தினமும் காய்கறி வாங்க ஸ்கூட்டரில்தான் போய் வந்திருக்கிறார். "நாற்பது வருஷமா ஓட்டுறேன், எனக்கு என்னப்பா தேதி" என்றார். வீட்டுக்கு வீடு நடப்பதுதான் இது. அதனால் விதிகளை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 2019ல் திருத்தப்பட்டது. அதன்படி சொந்த வண்டி ஓட்டுபவரின் லைசென்ஸ் எத்தனை வருஷம் செல்லும் என்பது, அதை எடுக்கும்போது அல்லது புதுப்பிக்கும்போது அவருக்கு என்ன வயது என்பதைப் பொறுத்தது. 30 வயதுக்குள் என்றால் 40 வயது வரை. 30 முதல் 50க்குள் என்றால் 10 ஆண்டுகள். 50 முதல் 55க்குள் என்றால் 60 வயது வரை. 55 ஆகிவிட்டால் ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுகள் மட்டும். இந்த வயதுக்கு மேல் ஓட்டவே கூடாது என்று சட்டத்தில் உச்சவரம்பு எதுவும் இல்லை. உடல் தகுதி இருந்தால் 80 வயதிலும் புதுப்பிக்கலாம்.

திருத்தத்துக்கு முன்பு எடுத்த லைசென்ஸ் பலவற்றில் 50 வயது நிறைகிற தேதிதான் முடிவு நாளாக இருக்கும். 20 வருஷம் அல்லது 50 வயது, இதில் எது முந்தியதோ அதுதான் அப்போதைய விதி. எப்போதோ இளவயதில் எடுத்தது என்பதால் தேதி யாருக்கும் நினைவிருப்பதில்லை. 50ஐ நெருங்குகிறவர்கள் இன்றைக்கே அட்டையைப் பார்த்துவிடுங்கள்.

முன்பெல்லாம் தேதி முடிந்தாலும் 30 நாள் சலுகை உண்டு. 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். மறுநாளே அது செல்லாத லைசென்ஸ்தான். பிடிபட்டால் 5,000 ரூபாய் அபராதம். ஆனால் என்னைப் பயமுறுத்தியது அபராதம் இல்லை. அந்த நாட்களில் விபத்து நடந்தால், நம் வண்டியின் சேதத்துக்கான கிளெய்மை இன்சூரன்ஸ் நிறுவனம் மறுக்கலாம். அடிபட்டவருக்கு நிறுவனம் இழப்பீடு கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றம் உத்தரவிடவும் வாய்ப்பு உண்டு. ஓய்வூதியத்தில் வாழ்கிறவரால் அது தாங்கக்கூடிய தொகையாக இருக்காது.

எப்போது விண்ணப்பிக்கலாம்? தேதி முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிலிருந்து, முடிந்து ஒரு வருஷம் வரை. அந்த ஒரு வருஷமும் போய்விட்டால் திரும்பவும் ஓட்டிக்காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். 70 வயதில் எட்டுப் போட்டுக் காட்டுவது எல்லோருக்கும் எளிதில்லை. அதற்காக ஒரு வருஷம் முன்னதாகவே ஓடவும் வேண்டாம். இந்தக் கால அளவுக்குள் புதுப்பித்தால், புதுப்பித்த நாளிலிருந்துதான் புதிய கணக்கு தொடங்கும். 5 வருஷமே கிடைக்கிற வயதில் பழைய அட்டையில் மிச்சமிருக்கும் மாதங்களை எதற்கு இழக்க வேண்டும்? இரண்டு மாதம் முன்பு விண்ணப்பித்தால் போதும் என்பது என் கருத்து.

விண்ணப்பம் மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகனில், லைசென்ஸுக்கான சாரதி பிரிவில். ஆன்லைன் பழக்கமில்லாதவர்கள் இ-சேவை மையத்தில் கேட்கலாம். பழைய புத்தக லைசென்ஸ் வைத்திருப்பவர்கள், அந்த விவரம் கணினியில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் அதைக் கொடுத்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஏற்ற வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது புதிய அட்டை விரைவுத் தபாலில் வீட்டுக்கே வருகிறது. வீடு மாறியிருந்தால் முகவரி மாற்றத்துக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 40 வயது ஆகிவிட்டால் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். ஆட்டோ, டாக்ஸி, லாரி போன்ற போக்குவரத்து வாகன உரிமம் என்றால் எந்த வயதிலும் இது வேண்டும். பதிவு பெற்ற மருத்துவர், தன் பதிவு எண்ணோடு கையெழுத்திட வேண்டும். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கிற காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, காது எப்படி, கை கால்களில் குறை உண்டா என்றெல்லாம் அதில் கேட்டிருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

முந்தைய தடவை அப்பாவுக்கு இந்தச் சான்றிதழ் இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார் என்று அப்போது சந்தோஷமாகத்தான் சொன்னார். இந்த முறை நான் விடவில்லை. முதலில் எங்கள் தெருவிலேயே பார்த்தோம். 25 மீட்டர் என்றால் இரண்டு டவுன் பஸ் அடுத்தடுத்து நிற்கிற நீளம். ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொன்னேன். வலது கண்ணில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. கண்புரை. இரண்டு கண்ணும் திறந்திருந்ததால் அவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து, கண் மருத்துவர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகுதான் படிவம் 1ஏ வாங்கினோம்.

கண் அழுத்த நோயும் இப்படித்தான். நேரே பார்ப்பது நன்றாகத் தெரியும், பக்கவாட்டுப் பார்வை மெல்லக் குறைந்துகொண்டே வரும். சந்திலிருந்து வரும் சைக்கிள் அவர் கண்ணில் படாது. படிவத்தில் இருக்கிற நம்பர் பிளேட் கேள்வி இதைக் கண்டுபிடிக்காது, கண் மருத்துவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் சர்க்கரை இறங்கி மயக்கம் வருவதைப் பற்றியும், தூக்கம் வரவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைப் பற்றியும் மருத்துவரிடம் தாங்களாகவே சொல்லிவிட வேண்டும்.

தகுதி இல்லை என்று சான்றிதழ் வந்தால் உரிமம் புதுப்பிக்கப்படாது. கையில் லைசென்ஸ் இருக்கும்போதே ஒருவரின் உடல்நிலை குறித்து நியாயமான சந்தேகம் எழுந்தால், மருத்துவச் சான்றிதழ் கேட்கவும் உரிமத்தை ரத்து செய்யவும் உரிம அதிகாரிக்குச் சட்டத்தில் இடம் உண்டு. அப்படி ரத்தானால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கை காலில் மட்டும் குறை என்றால், அதற்கேற்ப மாற்றி அமைத்த வண்டி ஓட்ட உரிமம் கேட்கவும் வழி இருக்கிறது.

வண்டியை விடச் சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வருவது, வெளியே போய்வரும் வழியே அடைபடுகிறதே என்பதால்தான். அந்த வழியை நாம்தான் ஏற்படுத்தித் தர வேண்டும். சென்னையில் 60 வயதானவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் கொடுக்கிறார்கள். தமிழ்நாடு முழுக்க சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. அப்பாவுக்கும் அந்த டோக்கன்களை வாங்கி வைத்திருக்கிறேன். பகலில் பக்கத்துக் கடைக்கு ஸ்கூட்டர், இருட்டினால் பஸ் என்று இப்போது அவரே வகுத்துக்கொண்டார்.